மேசைக்கு அடியில் ஒரு வேட்டை நாய்

போன கிழமை என் மைத்துனர் மோட்டார் சைக்கிள் பழகிய கதையை எழுதப்போய், அவர் என்னோடு கதைப்பதையே நிறுத்திவிட்டார். அதனால் இந்தக் கிழமை, வாசிக்கத் தெரியாத ஒருவனைப் பற்றி எழுதுகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டறையில், சீமெந்துத் தரையில் நான் குப்புறப் படுத்திருந்தேன். தலை மேசைக்கு அடியில், மீதி உடம்பு வெளியே. வலது கையில் அவித்த கோழி ஈரல் ஒரு துண்டு. எதிரே, சுவர் மூலையில், நாலு கால்களையும் சுருட்டி வைத்துக்கொண்டு ஒரு நாய் என்னைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் முதுகு மேசைக் காலில் முட்டியிருந்ததால் மேசையும் நடுங்கியது. மேசை மேலிருந்த தேத்தண்ணிக் கோப்பை தட்டோடு சேர்ந்து கிணுகிணுத்தது.

"நான் நல்ல மனுசனடா," என்று அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஊருக்குள்ளை ஆரையும் கேட்டுப் பார்."

அந்த நேரம் பார்த்து என் மனைவி தவமணி, பக்கத்து வீட்டுப் புவனேசக்காவைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். புவனேசக்கா வெளியே தெரிந்த என் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி என்ன தேடுறார்?"

"நாயின்ர நம்பிக்கையை," என்றாள் தவமணி. "நாலு நாளாத் தேடுறார். இன்னும் கிடைக்கேல்லை."

மரியாதைக்கு எழும்பப் பார்த்தேன். மேசை மண்டையில் இடித்தது. "ஐயோ!" என்று கத்தினேன். நாய் இருந்த இடத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டது.

அதை யார் துடைப்பது என்பதில் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

ஓட்டோவில் வந்த மடக்குக் கதிரை

நாய் வளர்க்கும் ஆசை எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. நிலாவெளியில் ஒரு விடுதியில் கலியாணச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்து, கை கழுவ இடம் தேடிப் பின்பக்கம் போனேன். அங்கே ஜெனரேற்றர் வைத்திருக்கும் ஒரு சின்ன அறை. அதற்குள் சங்கிலியில் சாம்பல் நிறத்தில் ஒரு நாய், சுவரோடு சுவராக ஒட்டி நின்றது. ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நாயின் தோல் கூட அதிர்ந்தது.

"கிரேஹவுண்ட் அண்ணை, அசல்," என்றார் விடுதிக்காரர். "மலைநாட்டிலையிருந்து எடுப்பிச்சது. குதிரை மாதிரி ஓடுமாம். வாற சனம் படம் எடுப்பினம் எண்டு வாங்கினன். படத்துக்கு நிண்டால்தானே! ஆரைக் கண்டாலும் ஒளிக்குது. காவல்காரன் ரெண்டு மூண்டு தரம் தடியாலை சொல்லிப் பாத்தவன். சரிவரேல்லை."

கலியாணச் சாப்பாடு வயிற்றில் இருக்கும்போது மனிதனுக்கு வருகிற இரக்கத்தை நம்பக் கூடாது. "நான் கொண்டு போறன்," என்று சொல்லிவிட்டேன். பாயாசம் இரண்டாம் தரம் குடித்திருந்தேன்.

ஓட்டோவில் அதை ஏற்றுவது, மடக்குக் கதிரையை மடக்கத் தெரியாதவன் மடக்குவது போல இருந்தது. ஒரு காலை உள்ளே வைத்தால் இன்னொரு கால் வெளியே வந்தது. கடைசியில் அரைவாசி நாய் என் மடியில், அரைவாசி வீதியில் என்ற கணக்கில் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தோம். வழியில் அதற்குப் 'புயல்' என்று பெயரும் வைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் புயல் நேரே சாப்பாட்டு மேசைக்கு அடியில் கரை கடந்தது.

தவமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். "இந்த வீட்டிலை ஒரு ஆளுக்குச் சமைச்சுப்போட்டே நான் களைச்சுப்போனன். இப்ப உங்களுக்கு ஒரு கூட்டாளியோ?"

அடுத்த நாள் காலை அவள் வீடு கூட்டிக்கொண்டிருந்தாள். நாயைத் திரும்பியும் பார்க்கவில்லை. தும்புத்தடி மேசைப் பக்கம் போனபோது, "தள்ளு குஞ்சு," என்றாள், வேறேதோ யோசனையில். நாய் எழும்பித் தள்ளி நின்றது. பிறகு அவளுக்குப் பின்னாலேயே குசினி அடுப்படிவரை போனது. பகல் அவள் பக்கத்தில் நிற்க, அவள் வைத்த சோற்றைத் தின்றது. மூன்றாம் நாள் அவளைக் கண்டதும் வாலை ஆட்டியது.

கன்றுக்குட்டி உயரத்தில் இருந்த அந்தப் பிராணிக்கு அன்றிலிருந்து பெயர் குஞ்சு. புயல் என்று நான் மட்டும்தான் கூப்பிட்டேன். கூப்பிட்டவுடன் அது மேசைக்கு அடியில் போய்விடும். அந்த அளவில் பெயர் வேலை செய்தது.

ஊருக்குள் என் பெயர்

இதற்கிடையில் ஊருக்குள் என் பெயர் கெட்டுக்கொண்டிருந்தது.

இந்தச் சாதி நாய்க்கு விலா எலும்பு தெரிய வேண்டும். வயிறு முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும். அதுதான் அதன் அழகு. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். உட்துறைமுக வீதிப் பக்கம் வேறு யாரும் படித்திருக்கவில்லை. தவமணி நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வெளியே போனால், சனம் நாயைப் பார்க்கும், பிறகு என் வயிற்றைப் பார்க்கும், பிறகு தங்களுக்குள் ஏதோ கதைக்கும்.

புவனேசக்கா வேலிக்கு மேலால் ஒரு சட்டியை நீட்டினார். சோறும் மீன் தலையும். "தம்பி, கோவிக்காதேங்கோ. நாய்க்கு ஒரு நேரமெண்டாலும் சாப்பாடு போடுங்கோ. பாவமெல்லோ."

"அக்கா, இந்தச் சாதியே இப்பிடித்தான். எலும்பு தெரியத்தான் வேணும்."

"ஓம் ஓம்," என்றார் புவனேசக்கா, நம்பாத குரலில். "உங்களுக்கு ஒரு எலும்பும் தெரியேல்லையே தம்பி."

என் தொண்டை

நாய் என்னைக் கண்டு ஏன் பயந்தது என்று சொல்வதற்கு என் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும்.

துறைமுகத்தில் இருபத்தைந்து வருசத்துக்கு மேல் எனக்கு ஒரே வேலை. கப்பல் தளத்தில் நின்று, கிரேன்காரருக்குக் கை காட்டுவது. மேலே இருப்பவருக்குக் கீழே கப்பலின் வயிற்றுக்குள் நடப்பது தெரியாது. அவருக்குக் கண் நான். கையைத் தூக்கினால் நிறுத்து. விரலைச் சுழற்றினால் இறக்கு. கை காட்டுவது போதாத இடத்தில் தொண்டை. நான் அங்கே "நிப்பாட்டு!" என்று கத்தினால் சீனன்குடாவில் விமானம் இறங்க யோசிக்கும் என்று கூட இருந்தவர்கள் சொல்வார்கள். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்றபோது தலைக்கவசத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தொண்டையையும் கையையும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஆகவே இப்போதும், "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்டால் அது சமையல் பற்றிய விசாரணையாக இருக்காது, எச்சரிக்கையாக இருக்கும். கதைக்கும்போது கைகள் தாமாக மேலே போகும்.

ஜெனரேற்றரோடும் தடியோடும் வளர்ந்த ஒரு நாய்க்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன்? ஜெனரேற்றர், கையில் தடியோடு, நடந்து வருகிறது.

எட்டு நாள்

இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும். ஆனால் தவமணிக்கு மட்டக்களப்புக்குப் போக வேண்டியிருந்தது. அவளுடைய அக்காவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. அடுத்த வெள்ளி போனால் வர ஒரு மாதமாகும்.

நாயோ தவமணி பக்கத்தில் நின்றால் மட்டும்தான் வாயில் எதையும் வைத்தது. அவள் சந்தைக்குப் போன ஒரு பகல் நான் வைத்த சோறு எறும்புக்குப் போனது.

"ஒரு மாதம் பட்டினி கிடந்தால் உண்மையாவே செத்துப்போகும்," என்றாள் தவமணி. யாரோ சொல்லிப் பண்டாரவளையில் இதே சாதி நாய் இரண்டு வளர்க்கும் ஒரு மனிதரைக் கண்டுபிடித்திருந்தாள். மரக்கறி ஏற்றும் வான் வண்டியில் சனிக்கிழமை இந்தப் பக்கம் வருகிறவர். வெள்ளி பின்னேரம் நாலு மணிக்குள் சொன்னால், வரும்போது நாயை ஏற்றிக்கொண்டு போவார்.

"நல்லதுதானே," என்றேன். "குளிர் இடம்."

"நல்லதுதான். ஆனா அங்கையும் முதல்லையிருந்து நடுங்கத் தொடங்கும். எத்தினை வீடு மாறுறது அந்தச் சீவன்?" அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்தது வெங்காயத்தால்தான் என்று வைத்துக்கொள்வோம். "வெள்ளிக்கிழமைக்கிடையிலை உங்கட கையாலை அது சாப்பிட்டால் இருக்கட்டும். இல்லாட்டி போகட்டும்."

எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளின் முதல் நாளில்தான் ஈரல் துண்டோடு மேசைக்கு அடியில் படுத்தேன். அதன் முடிவைச் சொல்லிவிட்டேன்.

நசீர் படலையில் நின்று சொன்னது

அன்று பகல் கிண்ணியாவிலிருந்து நசீர் வந்தான். நான் கை காட்டிய கிரேனை ஓட்டியவன். இருபது வருசம் என் தலையை மேலேயிருந்து மட்டும் பார்த்தவன். மயிர் கொட்டத் தொடங்கியதை எனக்கு முதலில் சொன்னதும் அவன்தான்.

படலையைத் தாண்டி வரமாட்டேன் என்றான். "அந்தச் சாதி நாய்க்கு மூக்கு நீளமாம் மச்சான். ஈரம் உடுப்பிலை பட்டுதெண்டால் நான் லுஹர் தொழுகைக்கு முன்னம் கிண்ணியா போய் உடுப்பு மாத்த வேணும். இங்கையே நிக்கிறன். நீ சொல்லு."

சொன்னேன். ஈரல், மேசை, ஐயோ, எல்லாம். அவன் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு கேட்டான்:

"கிரேனிலை சுமை இறங்கேக்க ஆடினால் நீ என்ன செய்வா?"

"ஒண்டும் செய்யமாட்டன். ஆட்டம் நிக்கும்வரை நிப்பன்."

"எப்பிடி நிப்பா?"

"பக்கவாட்டிலை. முன்னாலை போய் நிண்டால் நெஞ்சிலை அடிக்கும்."

"எட்டிப் பிடிக்கப் போறவனுக்கு என்ன சொல்லுவா?"

சொன்னதை இங்கே அச்சிட முடியாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற பிழை அது. ஆடுகிற சுமையை ஓடிப்போய்ப் பிடிப்பார்கள். அது அவர்களைத்தான் தூக்கி எறியும். பார்க்காதது போலப் பக்கத்தில் நின்றால், ஆட்டம் தானாக அடங்கிச் சுமை காலடிக்கு வரும். அப்போது ஒரு கை வைத்தால் போதும்.

"அந்த நாய் ஆடுது மச்சான்," என்றான் நசீர், மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே. "நீ எட்டி எட்டிப் பிடிக்கிறா. வாயையும் மூடு."

நாயைத் தொடாமல், வீட்டுக்குள் வராமல், நாயைக் காணாமலே அவன் சொன்ன வைத்தியம் இது.

இரண்டாம் ஐயோ

அன்று பின்னேரத்திலிருந்து சாப்பாட்டறைத் தரையில், மேசைக்குப் பக்கவாட்டில், சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கைகள் இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டேன். கதைக்கவில்லை. தவமணி இரண்டு தரம் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை, என் கால் விறைத்ததைத் தவிர. இரண்டாம் நாள் மேசைக்கு அடியில் நடுக்கம் நின்றது. கோப்பை கிணுகிணுக்கவில்லை என்பதால் தெரிந்தது. மூன்றாம் நாள் பின்னால் நகம் தரையில் படுகிற சத்தம். ஒரு அடி. நிறுத்தம். இன்னொரு அடி. நான் சுவரில் இருந்த பல்லியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று ஏதோ குளிரான, ஈரமான ஒன்று என் முழங்கையில் பட்டது.

வாசகர்களே, நான் அந்த மூக்கின் நுனிக்காகத்தான் மூன்று நாள் காத்திருந்தேன். அது வந்தபோது என்ன செய்தேன் தெரியுமா? "ஐயோ!" என்றேன். பழைய தொண்டையில். பல்லி விழுந்தது.

அடுத்த இரண்டு நாளும் நாய் மேசையை விட்டு வரவில்லை. "உங்களை நான் கட்டின புதிசிலை இப்பிடித்தான்," என்றாள் தவமணி. "நானும் மேசைக்கு அடியிலை போயிருக்க வேணும். தெரியாமல் போச்சு."

கதலிப்பழம்

வியாழக்கிழமை காலை, பயணத்துக்கு முதல் நாள், தவமணி கோயிலுக்குப் புறப்பட்டாள். நாயும் கூடப் போனது. பத்தடி பின்னால், ஒரு சீப்புக் கதலிப்பழமும் பூவும் உள்ள பையோடு நானும் போனேன்.

கடற்கரை வீதியில் கற்பூரம் வாங்க அவள் கடைக்குள் போக வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் கயிற்றை என் கையில் தந்தாள். "ஒண்டும் செய்யாதேங்கோ. கதைக்காதேங்கோ. சும்மா நில்லுங்கோ."

பக்கவாட்டில் திரும்பி நின்றேன். நாய் கயிற்றின் மறு நுனியில், எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரத்தில் நின்றது.

அப்போது குப்பைத் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண் புள்ளிமான் வந்தது. எங்கள் ஊரில் மான்கள் வீதியில் மாடு மாதிரித் திரியும். வெளியூர்ச் சனம் அவற்றைக் கண்டால் படம் எடுக்கும். நாங்கள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வோம். எனக்கு ஒரு கையில் கயிறு இருந்ததால் அணைக்க முடியவில்லை. மான் அதைக் கவனித்துவிட்டது.

எதிர்த் தேத்தண்ணிக் கடையிலிருந்து ஒருவர் கத்தினார்: "அண்ணை, கயிறை விட்டிடாதேங்கோ! வேட்டை நாய்! மானைக் கிழிச்சுப்போடும்!" கடையிலிருந்தவர்கள் எல்லோரும் எழும்பி வந்து பார்த்தார்கள்.

புயல் மானைப் பார்த்தது. அதன் பாட்டன் பூட்டன் எல்லோரும் எதை விரட்டப் பிறந்தார்களோ, அது பத்தடி தூரத்தில் கொம்போடு நின்றது. புயலின் காது இரண்டும் பின்னால் போயின. அடுத்த கணம் அது சுற்றிக்கொண்டு வந்து, எனக்குப் பின்னால் பதுங்கி, தன் தலையை என் முழங்கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டது. முன்னால் நின்று பார்த்தவர்களுக்கு நான் கட்டியிருந்த சாரத்துக்குக் கீழே ஒரு நீள மூக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

மான் வந்து பைக்குள் வாயை விட்டது.

ஒரு சத்தம் போதும். கிரேனை நிறுத்திய சத்தம், தொண்டையின் நுனிவரை வந்து நின்றது. மான் ஓடிவிடும், பழம் தப்பும். ஆனால் நாயும் ஓடும். கயிற்றை அறுத்துக்கொண்டு, லொறிகள் போகிற அந்த வீதியில். அதன் நடுக்கம் என் கால் எலும்பு வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது.

விழுங்கினேன். மாத்திரை விழுங்குவது போல அந்தச் சத்தத்தை விழுங்கினேன்.

மான் பழங்களைத் தோலோடு, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் தின்றது. அதன் கொம்பு என் தொப்புளுக்கு நேரே இருந்தது. எனக்கும் பயம்தான். ஒருவர் சாப்பிட, இருவர் நடுங்கினோம். ஐந்தாவது பழத்தில் என் காலில் நடுக்கம் குறைந்ததை உணர்ந்தேன். ஏழாவதில் ஒரு பாரம் மெதுவாக என் கெண்டைக்காலில் சாய்ந்தது.

தவமணி கற்பூரத்தோடு வந்தாள். வெறும் பையைப் பார்த்தாள். போகிற மானைப் பார்த்தாள். "ஒரு சத்தம் போட்டுக் கலைச்சிருக்கலாமே?"

"இவன் பயந்திடுவான்," என்றேன், காற்றாக.

அவள் என் முகத்தை ஒரு நிமிசம் பார்த்தாள். அப்படி அவள் பார்த்து வெகு காலம். பிறகு, "பூ மிச்சம் இருக்குதோ?" என்றாள்.

வெள்ளிக்கிழமை

சாய்ந்தது சரி. சாப்பிட்டால்தானே.

விடிந்ததும் தவமணி மட்டக்களப்பு பஸ்ஸுக்குப் போனாள். நாய் படலைவரை போய், கம்பிக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றது. எட்டு மணிக்குப் பாண் வைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பன்னிரண்டு மணிக்குச் சோறும் மீனும் வைத்தேன். வந்து மணந்து பார்த்துவிட்டு, குசினி வாசலில் போய்ப் படுத்துக்கொண்டது. மூன்று மணிக்கும் அது படுத்தபடிதான். சோறு காய்ந்துபோயிருந்தது.

நாலு மணிக்குப் பண்டாரவளைக்காரர் போன் எடுப்பார். அவருக்குச் சொல்ல வேண்டிய வசனத்தைக் கூட ஆயத்தம் செய்துவிட்டேன். நல்ல நாய், கோழி ஈரல் விருப்பம், உரத்துக் கதைக்காதேங்கோ.

அப்போதுதான், காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவு வந்தது. தவமணி எனக்கென்று மூடி வைத்துவிட்டுப் போன சாப்பாடு அப்படியே இருந்தது. தனியாக மேசையில் இருந்து சாப்பிட மனம் வரவில்லை. சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினித் தரையில், சுவரோரமாகக் காலை நீட்டி இருந்தேன். நாயின் சோற்றுத் தட்டைப் பக்கத்தில் இழுத்து, என் மீன் குழம்பில் கொஞ்சம் அதன் மேல் ஊற்றினேன். பிறகு அதை மறந்துவிட்டு என்னுடையதைச் சாப்பிட்டேன். அது நடிப்பில்லை. உண்மையாகவே மறந்துவிட்டேன். அவள் அக்கா வீட்டில் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஒரு சத்தம். சளக், சளக்.

திரும்பவில்லை. என் வாயிலிருந்த சோற்றை மெல்லாமல் வைத்திருந்தேன். தட்டு தரையில் உரசி நகர்ந்து சுவரில் முட்டி நின்றது. பிறகு என் கோப்பைக்குள்ளும் ஒரு மூக்கு வந்தது. என் மீன் துண்டு போனது. விரல்களை ஒவ்வொன்றாக நக்கியது. கடைசியில், வெகு நேரம் வேலை செய்து களைத்த ஆள் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு, நீட்டியிருந்த என் காலில் தலையை வைத்துப் படுத்துவிட்டது.

அறையில் கைபேசி அடித்தது. தவமணியாகத்தான் இருக்கும். அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது. நான் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் புவனேசக்காவின் குரல். "தம்பி! தவமணி கேக்கிறா, நாய் சாப்பிட்டுதோவாம்!"

கத்திப் பதில் சொன்னால் நாய் எழும்பி ஓடிவிடும். அவர் வேலியைச் சுற்றிக் குசினி வாசலுக்கே வந்துவிட்டார். என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், வெறும் தட்டையும் வெறும் கோப்பையையும் பார்த்தார். கையிலிருந்த போனில் சொன்னார்: "பிள்ளை, நாய் சாப்பிட்டிட்டுது. ஓம், வடிவாச் சாப்பிட்டிருக்கு. ஆனா இவருக்குத்தான் ஏதோ வருத்தம். வாயே திறக்கிறாரில்லை."

மறுபக்கம் தவமணி என்ன சொன்னாளோ தெரியாது. புவனேசக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அறையில் என் கைபேசி மறுபடி அடித்தது. நாலு மணி. கண்ணால் காட்டினேன். புவனேசக்கா எடுத்து வந்து, அழுத்தி, என் காதில் வைத்தார்.

"ஐயா, பண்டாரவளையிலேருந்து பேசுறேன். நாளைக்கு நாய எடுக்க வரணுமா, வேணாமா?"

"வரவேண்டாம்," என்றேன்.

"என்னங்க? கேக்கலைங்க. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

"ஏலாது," என்றேன், அதைவிட மெதுவாக. "காலிலை படுத்திருக்கிறான்."